கான்சாஸில் செல்லாத அட்டை

டெல்பர்ட் ஹாஸ்க்யூவின் பணப்பையில் அட்டைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஓட்டுநர் உரிமம், அடுத்து முதியோர் காப்பீடு, அதற்கும் பின்னால் மீன்பிடி உரிமமும் கைத்துப்பாக்கி அனுமதியும். கடைசியாக வந்து சேர்ந்த கஞ்சா அட்டை மூன்றே மாதத்தில் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டது. ஒக்லஹோமா மாநிலம் அவர் முகத்தையும் அச்சடித்து, ‘இவர் நோயாளி’ என்று சான்றளித்துக் கொடுத்த அட்டை. எழுபத்தொரு வயதுவரை அரசாங்கம் அவரிடம் வாங்கித்தான் பழக்கம். எதையாவது ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

முப்பத்துநாலு வருஷம் எரிவாயு லாரி ஓட்டியவர். ஓட்டுவது சுலபம். பண்ணை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, நூறடி ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பனியிலும் சேற்றிலும் இழுத்துப் போவதுதான் வேலை. குழாய் எப்போதும் இடது தோளில். அதனால் அவருடைய இடது இடுப்பு மூட்டு, மற்ற உடம்பைவிட இருபது வயது மூத்தது. அக்டோபரில் அதைக் கழற்றிவிட்டு வேறு வைப்பதாக மருத்துவமனையில் தேதி கொடுத்திருந்தார்கள். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் அட்டை.

அட்டை கிடைக்க நாலு நிமிடம் ஆனது. கைப்பேசித் திரையில் ஒரு மருத்துவர் தோன்றினார், பின்னால் அவர் வீட்டுச் சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“எங்க வலிக்குது?”

“இடுப்புல.”

“ரொம்பவா?”

“உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல. எழுந்தா உட்கார முடியல.”

“போதும்,” என்றார் மருத்துவர்.

தபாலில் வந்த அன்றே டெல்பர்ட் அதைத் தபால்காரருக்குக் காட்டினார். முடிதிருத்துபவருக்குக் காட்டினார். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு வந்தபோது பணம் எடுக்கிற சாக்கில் பக்கத்து வரிசைக்கும் காட்டினார். அவர் மனைவி ஒலீட்டா அங்கே பாடகர் குழுவில் இரண்டாம் குரல். அவள் அந்தப் பொருளின் பெயரை வாயால் சொல்வதில்லை. “இவரோட மருந்து” என்பாள், பக்கத்து வீட்டுக்காரனின் இரண்டாவது குடும்பத்தைக் குறிப்பிடுகிற அதே தொனியில்.

மருந்து என்பது சர்க்கரை தூவிய ஆரஞ்சு நிற மிட்டாய். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மிட்டாய். ஒரு மணி நேரத்தில் இடுப்பு தன் புகார்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். சாய்வு நாற்காலியில் அவர் வானிலைச் செய்தியை மிகுந்த அனுதாபத்தோடு பார்ப்பார்.

துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. கஞ்சா அட்டை உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் சட்டம். டெல்பர்ட் ஒரு வாரம் யோசித்துவிட்டு, கைத்துப்பாக்கியை மைத்துனன் வெண்டலிடம் கொடுத்துவிட்டார். அனுமதி அட்டையை மட்டும் எறியவில்லை. கட்டணம் கட்டியாயிற்று, இன்னும் இரண்டு வருஷம் செல்லுபடி. அந்த அனுமதிக்காக எடுத்த வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடமும் அவரைவிட்டுப் போகவில்லை. ‘போலீஸ் நிறுத்தினால் அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே அட்டையை எடுத்து நீட்டுங்கள். மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டுங்கள்.’ ஒக்லஹோமாவில் பாதிப் பேர் படித்த பாடம் அது.

அட்டையோடு அவர் வெளி மாநிலங்களுக்கும் போயிருக்கிறார். நியூ மெக்சிகோவில் கடைக்காரப் பெண் ராஜ மரியாதை கொடுத்தாள். “பிறந்த தேதி தெரிஞ்சாலே போதும் ஐயா, அட்டை வேண்டியதில்ல” என்றாள். “அட்டை இருக்கும்மா” என்று அவர் நாலு தரம் சொன்ன பிறகு, வரியில் கொஞ்சம் கழித்துக் கொடுத்தாள். அங்கே வாங்கியதை எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது என்று ஒலீட்டா அறிவிப்புப் பலகையைப் படித்துக் காட்டினாள். எறிய மனசு வரவில்லை. மிச்சத்தை விடுதியிலேயே சாப்பிட்டுவிட்டு பதினாலு மணி நேரம் தூங்கினார்.

ஆர்கன்சாஸில் வேறு கதை. அங்கே வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே விண்ணப்பம் போட்டு, ஐம்பது டாலர் கட்டி, அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். இது அவருக்குக் கடை வாசலில்தான் தெரியவந்தது. அண்ணன் மகனின் பட்டமளிப்பு விழா முழுவதையும் சுவரில் சாய்ந்து நின்றபடி பார்த்தார். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாமியார் வீடு என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்த நிலையில்தான் கொடி பறிபோனது.

டெல்பர்ட்டும் ஒலீட்டாவும் ‘செம்மண் சுழலிகள்’ என்ற சதுர நடனக் குழுவில் இருபது வருஷமாக ஆடுகிறார்கள். ஒரு ஆட்டத்துக்கு நாலு ஜோடி, எட்டுப் பேர், ஒரு சதுரம். மேடையில் ஒலிவாங்கியோடு நிற்கும் சொல்லுக்காரர் ‘இடது கை கொடு, பெண்ணைச் சுற்று, மூலைக்குப் போ’ என்று பாட்டாகவே கட்டளை போட, கால் அதைக் கேட்டு நடக்க வேண்டும். அடுத்தது என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. யோசித்தவன் தொலைந்தான்.

இந்தக் குழுக்களிடையே கொடி திருடுவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு குழு எட்டுப் பேராகத் திரண்டு இன்னொரு குழுவின் ஆட்டத்துக்குப் போய் ஆடினால், முடிவில் அந்தக் குழுவின் கொடியைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வரலாம். எல்லார் முன்னாலும், சிரித்துக்கொண்டே. பறிகொடுத்தவர்கள் தாங்களும் எட்டுப் பேராகப் போய் ஆடித்தான் மீட்க வேண்டும். ஏழு பேர் போனால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஏப்ரலில் கான்சாஸிலிருந்து ‘கோதுமைக் கதிர்கள்’ வந்தார்கள். ஆடினார்கள். கொடியைச் சுருட்டினார்கள். அவர்களுடைய தலைவி ஆர்வெல்லா ஸ்ட்ரெக்கர், முப்பது வருஷம் அஞ்சலகத்தில் முத்திரை குத்திய கையால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“வந்து வாங்கிக்கலாம். உங்க தலைவரோட இடுப்பு சம்மதிச்சா.”

தலைவர் டெல்பர்ட்தான். ஜூன் இரண்டாம் வாரம் ஒக்லஹோமா மாநில நடன விழா. நூறு குழு கொடி பிடித்து அணிவகுக்கும். கொடி இல்லாத குழுவின் தலைவர் வெறும் கம்பைத் தூக்கிக்கொண்டு அரங்கை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். மற்ற தொண்ணூற்றொன்பது குழுக்களும் எழுந்து நின்று கைதட்டும். கோதுமைக் கதிர்களின் கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி ஆட்டம், மே மாதக் கடைசி ஞாயிறு, மதியம் ஒரு மணி. அதை விட்டால் கம்புதான்.

ஆள் எண்ணிப் பார்த்தார்கள். ஒருத்தருக்குப் பித்தப்பை. ஒருத்தருக்குப் பேத்தியின் ஞானஸ்நானம். அறுவடை என்று மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். மீதி சரியாக எட்டு. எட்டாவது ஆள் டெல்பர்ட்.

மூன்றரை மணி நேர ஆட்டத்தை அந்த இடுப்பு மருந்தில்லாமல் தாங்காது என்பது எட்டுப் பேருக்கும் தெரியும். அவர் கஞ்சாக் கடைக்குத் தொலைபேசி போட்டார்.

“கான்சாஸ்ல என் அட்டை செல்லுமாம்மா?”

“செல்லாது ஐயா.”

“விண்ணப்பம் போட்டா?”

“அங்க அப்படி ஒரு விண்ணப்பமே கிடையாது ஐயா. ஒரு துண்டு மிட்டாய் பையில இருந்தாக்கூட பிடிச்சுடுவாங்க.”

“என் ஓட்டுநர் உரிமம் செல்லுது. கல்யாணச் சான்றிதழ் செல்லுது. இது மட்டும் ஏன் செல்லாது?”

கேட்டுக்கொண்டிருந்த ஒலீட்டா சமையலறையிலிருந்து சொன்னாள்: “கல்யாணச் சான்றிதழ் ஒக்லஹோமாவுலயே சரியா செல்லல.”

திட்டம் வெண்டலுடையது. பக்கத்து ஊரில் விவசாய இயந்திரம் விற்று ஓய்வு பெற்றவன். எந்தப் பிரச்சினைக்கும் ஒரு தவணைத் திட்டம் வைத்திருப்பான்.

“மச்சான், பொருள்தானே எல்லை தாண்டக் கூடாது? எல்லைக்கு இந்தப் பக்கமே முழுங்கிடு. வண்டியை அக்கா ஓட்டட்டும். மிச்சத்தை இங்கயே விட்டுட்டு வா.”

அப்படித்தான் செய்தார்கள். தேவாலயத்தின் வேனில் எட்டுப் பேர், பின்னால் பைகள், பொது விருந்துக்குப் பீன்ஸ் பாத்திரம். பதினொன்றே காலுக்கு ‘கான்சாஸ் உங்களை வரவேற்கிறது’ பலகைக்கு இருபதடி முன்னால் ஒலீட்டா வண்டியை நிறுத்தினாள். டெல்பர்ட் நொண்டிக்கொண்டே இறங்கி, கடைசி வேலிக் கம்பத்தின் அடியில் மிட்டாய் டப்பாவைப் புதைக்கக் குனிந்தார். அங்கே ஏற்கெனவே ஊறுகாய் ஜாடி ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு காபி டின். அதற்குப் பக்கத்தில் பெயர் எழுதி ஒட்டிய மருந்துக் குப்பி.

“எத்தனை பேருடா கான்சாஸ் போயிருக்காங்க!” என்றார் டெல்பர்ட்.

“அதைக் கையால தொடாத,” என்றாள் ஒலீட்டா. “அது பக்கத்து ஊர் போதகரோட பேரு.”

டெல்பர்ட் டப்பாவைத் திறந்தார். வழக்கமான அளவு அரை மிட்டாய். ஆனால் சாயங்காலம்வரை மறுபடி கிடைக்காது. அவர் ஒட்டகத்தை நினைத்துக்கொண்டார். பாலைவனத்துக்குள் இறங்குவதற்கு முன் அது எப்படிக் குடிக்கிறது? ஒரு முழு மிட்டாயை வாயில் போட்டார். சற்று யோசித்துவிட்டு இன்னொன்றும் போட்டார்.

“எத்தனை போட்ட மச்சான்?” என்று வேனுக்குள்ளிருந்து வெண்டல் கேட்டான்.

“வேண்டிய அளவு.”

கான்சாஸுக்குள் பதினைந்து மைல் போனதும் பின்னால் சிவப்பு நீல விளக்கு சுழன்றது. தேவாலய வேனின் வலது பக்கப் பின்விளக்கு எரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். எச்சரித்துவிட்டு மூன்று நிமிடத்தில் அனுப்பியிருப்பார்கள். போலீஸ்காரர் பென்னர் இளைஞர். தொப்பி காதில் நின்றது. ஜன்னலருகே வந்து, “வணக்கம் அம்மா, உரிமம்...” என்று ஒலீட்டாவைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் அவள் மூக்குக்கு முன்னால் ஒரு கை நீண்டது. டெல்பர்ட்டின் கை. அதில் இரண்டு அட்டைகள்.

பென்னர் வாங்கிப் பார்த்தார். முதலாவது துப்பாக்கி அனுமதி. இரண்டாவதைப் பார்த்தபோது அவர் முகம் பரீட்சையில் கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்த வாத்தியார் முகம்போல ஆனது.

“சார், இதை எதுக்கு எங்கிட்ட குடுத்தீங்க?”

“மறைக்க ஒண்ணுமில்லைன்னு காட்டத்தான் தம்பி.”

“நான் கேக்கவே இல்லையே.”

“கேக்கறதுக்கு முன்னாடியே குடுக்கணும். வகுப்புல சொல்லிக்குடுத்தாங்க.”

ஒலீட்டா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தாள். ஹாரன் அலறியது.

“வண்டியில துப்பாக்கி இருக்கா சார்?”

“இல்ல. கஞ்சாவுக்காகக் குடுத்துட்டேன்.”

“கஞ்சா இருக்கா?”

“அதுவும் இல்ல. ஒக்லஹோமாவுல புதைச்சுட்டேன்.”

“மச்சான்,” என்று பின்னாலிருந்து வெண்டல் கெஞ்சினான். “உன் காலைத் தொட்டுக் கேக்கறேன், வாயை மூடு.”

“இன்னிக்குச் சாப்பிட்டீங்களா சார்?”

“ரெண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம். நான் ஓட்டல தம்பி, பொண்டாட்டிதான் ஓட்டறா. அவ வயித்துல ஓட்ஸ் கஞ்சி மட்டும்தான்.”

“ரெண்டா?” என்றாள் ஒலீட்டா, நெற்றியை எடுக்காமலே.

பென்னர் பெருமூச்சு விட்டார். “உங்க வயித்துக்குள்ள இருக்கறதை நான் தேட முடியாது சார். வண்டியைத் தேடித்தான் ஆகணும். எல்லாரும் இறங்குங்க.”

எட்டு முதியவர்கள் சாலையோரப் புல்லில் வரிசையாக நின்றார்கள். மணி பன்னிரண்டாகப் போகிறது. இன்னும் முப்பத்தைந்து மைல். இரண்டாவது சுற்று தொடங்குமுன் சதுரம் தளத்தில் நிற்காவிட்டால் வந்ததாகவே கணக்கில்லை என்பது கோதுமைக் கதிர்களின் விதி.

முதலில் பெரிய பையைத் திறந்தார் பென்னர். நாலு பெண்களின் நடன உள்பாவாடைகள் அதில் அடைபட்டிருந்தன. ஒவ்வொன்றும் நாற்பது கஜ வலைத்துணி, கஞ்சி போட்டு விறைத்தது. பையின் ஜிப்பை இழுத்ததும் அவை பொங்கி வெளியே வந்து அவரை மார்புவரை மூடின. அவர் ஒவ்வொரு மடிப்பையும் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. அவருடைய காது சிவந்துகொண்டே போனது.

“மெதுவா தம்பி,” என்றாள் எழுபத்தாறு வயது நோவலீன். “கடைசியா அதை இவ்வளவு அக்கறையா தொட்டது என் முதல் புருஷன்.”

அடுத்து மாத்திரைப் பெட்டிகள். அங்கேதான் நேரம் போனது. எட்டுப் பேருக்கும் வாரப் பெட்டி. ஏழு நாள், ஏழு மூடி. ஐம்பத்தாறு மூடிகளையும் அவர் திறந்தார். ஒவ்வொரு மாத்திரைக்கும் உரியவர் முன்னால் வந்து விளக்கம் கொடுத்தார். இரத்த அழுத்தம் எப்போது வந்தது, எந்த மருத்துவர் தவறாகச் சொன்னார், எந்த மாத்திரை மூத்திரத்தை நீல நிறமாக்கும். கேட்க ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் நோவலீனின் இப்போதைய கணவர் தன் மூட்டுவாதத்தை முதல் நாளிலிருந்து தொடங்கினார்.

“நீங்க சுருக்கமா சொல்லலாம் ஐயா,” என்றார் பென்னர்.

“சுருக்கினா உனக்குப் புரியாது தம்பி.”

டெல்பர்ட் இவற்றில் கலந்துகொள்ளவில்லை. அவர் கோதுமை வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பு மௌனமாகிவிட்டிருந்தது. கான்சாஸ் இவ்வளவு அகலமான இடம் என்பதை இத்தனை வருஷம் யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

“இவன் மொகத்தைப் பாரு,” என்றான் வெண்டல். “ஆட வேண்டிய ஆளு நடுரோட்டுல மோட்சம் போயிட்டான்.”

பென்னர் பின்விளக்குக்கு எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அட்டைகளை டெல்பர்ட்டிடம் தராமல் ஒலீட்டாவிடம் தந்தார்.

“அம்மா, இதை உங்க பையில வெச்சுக்குங்க. நான் சொன்னேன்னு இல்ல. கான்சாஸ்ல இது அனுமதிச் சீட்டு இல்லம்மா, வாக்குமூலம்.”

ஒலீட்டா வேனை ஓட்டிய விதத்தை வேறு எந்தப் போலீஸ்காரரும் பார்க்கவில்லை. கோதுமைக் கதிர்களின் மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஒன்று நாற்பது. முதல் சுற்று முடிந்து எல்லாரும் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்வெல்லா ஸ்ட்ரெக்கர் மேடையோர நாற்காலியில் உட்கார்ந்தபடி கடிகாரத்தைப் பார்த்தாள். தலைக்கு மேல் சுவரில் செம்மண் சுழலிகளின் கொடி. வேண்டுமென்றே தலைகீழாக மாட்டியிருந்தார்கள்.

“வழி தவறிட்டீங்களோன்னு பயந்துட்டேன்,” என்றாள்.

“உங்க ஊர் வரவேற்பு பலமா இருந்துச்சு,” என்றாள் ஒலீட்டா.

சதுரம் நின்றது. ஆர்வெல்லா விதியைப் படித்தாள். மீட்க வந்த சதுரம் எந்தச் சுற்றிலும் உட்காரக் கூடாது. ஆட்டத்தின் நடுவில் கலைந்து நிற்கவும் கூடாது. நின்றால் கொடி இங்கேயே கோடையைக் கழிக்கும்.

இசை தொடங்கியது. டெல்பர்ட்டின் இடுப்பைப் பற்றி இத்தனை நாள் கவலைப்பட்டவர்கள், கவலைப்பட வேண்டியது அதற்கு மேலே இருந்த பாகத்தைப் பற்றி என்று அரை நிமிடத்தில் தெரிந்துகொண்டார்கள். இடுப்பு இருபது வயதுக்காரனுடையதுபோல வேலை செய்தது. தலைதான் அடுத்த ரயிலில் வந்துகொண்டிருந்தது. சொல்லுக்காரர் ‘இடது கை’ என்றால், டெல்பர்ட் அந்தச் சொல்லின் அழகை முதலில் ரசித்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு வலதை நீட்டினார்.

சதுர நடனத்தில் தொலைந்தவனை மற்றவர்கள் லேசாகத் தள்ளி இடத்தில் சேர்ப்பது மரியாதை. லேசாகத் தள்ளினால் போதவில்லை. வெண்டல் தோளைப் பிடித்துத் திருப்பினான், நோவலீன் முதுகில் முழங்கையை வைத்தாள், ஒலீட்டா பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். மாடிப்படியில் குளிர்சாதனப் பெட்டியை ஏற்றுவதுபோல ஏழு பேர் எட்டாவது ஆளைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினார்கள்.

“இந்தப் பக்கம் மச்சான்! இந்தப் பக்கம்! அது கான்சாஸ்காரன் பொண்டாட்டி!”

“நல்லா இருக்காங்களே.”

“திரும்பு, எருமை!”

இப்படி ஐந்து சுற்று. சதுரம் கோணலானது, முக்கோணமானது, ஒருமுறை வெறும் வரிசையாகவே ஆனது. ஆனால் கலையவில்லை. நாலரைக்கு இசை நின்றபோது ஏழு பேருக்கும் மூச்சு வாங்கியது. டெல்பர்ட் மட்டும் புத்துணர்ச்சியோடு புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

ஆர்வெல்லா ஒலிவாங்கியை எடுத்தாள். “சதுரம் கலையல. ஒத்துக்கறேன். ஆனா எட்டுப் பேர் ஆடணும்னு விதி. ஏழு பேர் ஆடினதைத்தான் நான் பார்த்தேன். எட்டாவது ஆள் ஆடினாரா, ஆட்டி வெச்சீங்களா?”

“ஆடினார்!” என்றார்கள் ஏழு பேரும்.

“அவரையே கேப்போம். டெல்பர்ட், ஆடினீங்களா?”

ஏழு பேரும் அவரைப் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வெண்டல் தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினான். ஒரே ஒரு ‘ஆமாம்’ போதும். கொடி கைக்கு வந்துவிடும்.

டெல்பர்ட் நேர்மையாக யோசித்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இல்ல,” என்றார். “நான் சும்மா நின்னுட்டு இருந்தேன். இவங்கதான் என்னைச் சுத்தி ரொம்ப வேலை பார்த்தாங்க.”

மண்டபம் சிரித்தது. வெண்டல் தன் தொப்பியைத் தரையில் அடித்தான். “கேட்டா சொல்றான், கேக்காட்டியும் சொல்றான்! இவனை வெச்சுக்கிட்டு ஒரு கோழிகூடத் திருட முடியாது!”

ஆர்வெல்லா சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக அவள் கொடி திருடியிருக்கிறாள், பறிகொடுத்திருக்கிறாள். வாசல்வரை வந்த கொடியை ‘வேண்டாம்’ என்று சொன்ன தலைவரை அவள் பார்த்ததில்லை.

“சாப்பிடுங்க,” என்றாள். “சாப்பிட்டதும் ஒரே ஒரு சுற்று. யாரும் யாரையும் தள்ளக் கூடாது. ஒரு விரல் பட்டாலும் கொடி இங்கதான்.”

டெல்பர்ட் மூன்று தட்டு பீன்ஸும் நாலு கோப்பை கறுப்புக் காபியும் முடித்தார். அதற்குள் மணி ஐந்தே கால் ஆகியிருந்தது. தலை மெதுவாக வீடு திரும்பியது. மேஜைகள் மேஜைகளாகத் தெரிந்தன. ஒலீட்டாவின் முகத்தில் இருந்தது பாசம் அல்ல, கொலைவெறி என்று தெரிந்தது. தலையோடு கூடவே, பெட்டி படுக்கையோடு, இடுப்பும் திரும்பி வந்தது. மத்தியானம் முழுக்கத் துள்ளியதற்கு வட்டியும் சேர்த்து. எழுந்திருக்க மேஜையை ஊன்றியபோது அவர் உதடு வெளுத்தது.

“முடியாதுன்னா சொல்லிடு,” என்றாள் ஒலீட்டா, மெதுவாக. “வெறும் கம்பைத் தூக்கிட்டு நானும் உன்கூட நடக்கறேன்.”

“வலிக்குது. ஆனா இடது எது, வலது எதுன்னு தெரியுது.”

“அப்ப வா.”

அந்தச் சுற்று பன்னிரண்டு நிமிடம். வெண்டல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே பாதி ஆட்டம் ஆடினான், தவறிப்போய் மச்சானைத் தொட்டுவிடக் கூடாதே என்று. டெல்பர்ட் ஆடினார். துள்ளவில்லை, சுழலவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் தபால் பட்டுவாடா செய்பவர்போல நடந்துபோய்ச் சேர்ந்தார். இடது காலைத் திருப்ப வேண்டிய இடத்தில் மொத்த உடம்பையும் திருப்பினார். நோவலீன் அவர் கையைப் பிடித்துச் சுற்றியபோது அது நனைந்து சில்லென்று இருந்தது. ‘இடது கை’ என்று வந்தது, இடதை நீட்டினார். ‘மூலைக்குப் போ’ என்று வந்தது, போனார். கடைசிக் கட்டளையில் நாலு ஜோடியும் அவரவர் இடத்தில், அவரவர் துணையோடு, முகம் உள்நோக்கி நின்றார்கள். கோதுமைக் கதிர்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

கொடியை மேடையில் ஏறித் தலைவர்தான் வாங்க வேண்டும். மேடைக்கு மூன்று படி. டெல்பர்ட் முதல் படிக்கு முன்னால் நின்று அதை இமயமலையைப் பார்ப்பதுபோல பார்த்தார். காலை எடுத்தார். வைத்தார். திரும்ப எடுக்கவில்லை.

ஆர்வெல்லா ஒரு கணம் பார்த்தாள். பிறகு கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே இறங்கினாள். நேராக இறங்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். நாள் முழுக்க அவள் ஒரு சுற்றும் ஆடவில்லை என்பது அப்போதுதான் டெல்பர்ட்டுக்கு உறைத்தது.

“முட்டியா?” என்றார்.

“ரெண்டும்.”

“டாக்டர் என்ன குடுக்கறார்?”

“ஐஸ் வைக்கச் சொல்றார். எங்க மாநிலத்துல ஐஸ் மட்டும்தான் சட்டப்படி.”

அட்டை மனைவியின் பையில் இருப்பதையும் மறந்து, டெல்பர்ட்டின் கை தானாகவே பின்பாக்கெட்டுக்குப் போனது.

“டெல்பர்ட் ஹாஸ்க்யூ,” என்றாள் ஒலீட்டா. “கையை வெளிய எடு.”

எடுத்தார். ஆர்வெல்லா கொடியை அந்தக் கையில் வைத்து, விட மனமில்லாமல் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பேரும் பேசி வைத்ததுபோல் அந்த முதல் படியிலேயே உட்கார்ந்தார்கள். கொடி இருவர் மடியிலும் கிடந்தது. வெளியே வெண்டல் ஹாரன் அடித்தான். ஏழு பேரும் வேனில் ஏறியாயிற்று. எட்டாவது ஆளும் திருடியும், ஒருவரையொருவர் தூக்கிவிட முடியாமல், மண்டபத்துக் காவல்காரர் நாற்காலிகளை அடுக்கி முடித்துவிட்டு வரட்டும் என்று காத்திருந்தார்கள்.